ஒழுகும் ஜெல் தொட்டி

ஒன்றைக் கண்ணால் பார்த்தவருக்கு அது தெரியும் என்று சொல்லிவிடலாமா, கை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டுமா? குளத்தூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் உயிரித்தொழில்நுட்பம் நடத்தும் அமராவதி இந்தக் கேள்வியை வாய்விட்டு யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் அவருடைய உத்தியோக வாழ்க்கை முழுக்க அதைச் சுற்றியே நடந்திருக்கிறது.

அறந்தாங்கிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து திருச்சிக்குப் போய் அவர் எம்.எஸ்சி. படித்தபோது வகுப்புக்கே ஒரு ஜெல் தொட்டிதான் இருந்தது. கடல்பாசிப் பொடியைக் காய்ச்சி உறையவைத்த ஜெல்லை அதில் கிடத்தி, மேலே கரைசலை ஊற்றி, சின்னஞ்சிறு குழிகளில் நீலச்சாயம் கலந்த டி.என்.ஏ.வை இறக்கி மின்சாரம் விட்டால், டி.என்.ஏ. துண்டுகள் அளவுவாரியாகப் பிரிந்து ஓடும். இறக்குவது பேராசிரியரின் வேலை. பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். அமராவதி குட்டை. அவர் பார்த்ததெல்லாம் முன்னால் நின்றவளின் பின்னலைத்தான். பிற்பாடு ஆராய்ச்சிக்குச் சேர்ந்த இடத்தில் முதன்முதலாகத் துளி இறக்கும் பிப்பெட்டைக் கையில் வாங்கியபோது விரல் நடுங்கி, குழிக்குள் இறங்க வேண்டிய நீலத்துளி கரைசலில் புகைபோலக் கலைந்துபோனது. "எம்.எஸ்சி. முடிச்சிட்டுத்தானே வந்தீங்க?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. அதுதான் அதிகமாக உறுத்தியது.

இப்போது அவருடைய ஆய்வகத்திலும் இருந்தது ஒரே தொட்டி. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து பிள்ளைகள் அதில் கரைசலை ஊற்றியபோது முன்பக்கம் ஒழுகி மேசை நனைந்தது.

புதிதாக வாங்க முதல்வர் ஜெரால்டு சம்மதித்தார். எதை வாங்குவது என்பதில்தான் இழுபறி. திருச்சியிலிருந்து வந்த விற்பனையாளர் கேமராவும் திரையும் சேர்ந்த ஒரு பெரிய கருவியைக் காட்டிவிட்டுப் போயிருந்தார். அமராவதி கேட்டது ஆறு சின்னத் தொட்டிகள். மூடியைத் தூக்கினால் மின்சாரம் தானாக நிற்க வேண்டும், கம்பி அறுந்தால் அதை மட்டும் மாற்ற முடிய வேண்டும் என்று ஒவ்வொன்றாக விசாரித்துத் தேர்ந்தெடுத்திருந்தார். இரண்டு பேருக்கு ஒரு தொட்டி.

"கேமரா செட்டு போதும் மேடம். நீங்க போடுங்க, பிள்ளைங்க திரையில பாக்கட்டும். அதுங்க கையில குடுத்தா என்னாகும்னுதான் பழைய தொட்டியே சொல்லுதே!" என்றார் ஜெரால்டு.

மறுநாள் காலை அமராவதி ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது, உதவியாளர் நாகராசு பழைய தொட்டியின் மூடியை மடியில் வைத்துக்கொண்டு, பூஜைக்கு வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்பிரிட் வாசனை அடித்தது.

"சும்மா விட்டா கறை பிடிச்சிரும் மேடம். ஸ்பிரிட் போட்டா கண்ணாடியாட்டம் ஆயிரும். வருசா வருசம் நாந்தேன் செய்யுறேன்."

அமராவதி தொட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முன்பக்கத்தில் மூன்று இடங்களில் மட்டும் நரம்புபோல மெல்லிய வெடிப்புகள். அந்த மூன்று இடத்திலும்தான் வருடாவருடம் பொட்டு வைப்பார்கள். தொட்டி அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அதற்கு ஸ்பிரிட் ஆகாது. மேலே பளபளப்பாகத்தான் தெரியும், உள்ளே வெடிக்கும்.

"இனிமே சோப்புத் தண்ணி போதும் அண்ணே. இதுக்கு ஸ்பிரிட் ஆகாது."

நாகராசு பஞ்சைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த மூடியைப் பச்சைப் பிள்ளையைக் கிடத்துவதுபோல மேசைமேல் வைத்தார். அவர் தொகுப்பூதியக்காரர். ஆண்டுதோறும் முதல்வர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை.

அன்று மதியம் தொட்டியைத் தூக்கிக்கொண்டு அவரும் அமராவதியோடு முதல்வர் அறைக்கு வந்தார்.

"இது பிள்ளைங்க ஒடைச்சது இல்ல சார். ஸ்பிரிட் போட்டுத் தொடைச்சதுல வந்த வெடிப்பு. பொட்டு வச்ச எடத்துல மட்டுந்தான் இருக்கு, பாருங்க," என்றார் அமராவதி.

ஜெரால்டு தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு தொடைச்சது?"

நாகராசு வாயைத் திறந்தார்.

"நான்தான் சார்," என்றார் அமராவதி.

"நீங்களா? பி.எச்டி. வாங்கின நீங்களா?" ஜெரால்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒங்களுக்கே தெரியலைன்னா பிள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பீங்க? ஆறெல்லாம் வேணாம். மூணு வாங்குங்க. அடுத்த பூஜை வரைக்கும் முழுசா இருந்தா மிச்சத்தைப் பாப்போம்."

இதற்குப் பெருந்தன்மை என்று பெயர் வைத்துவிட்டால் யோசிக்கிற வேலை முடிந்துவிடும். அவ்வளவு சீக்கிரம் முடித்துவிடக் கூடாது. அமராவதி விட்டுக்கொடுத்த மூன்று தொட்டிகள் அவருடையவை அல்ல, பிள்ளைகளுடையவை. அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

கார்த்திகையில் மூன்றும் வந்தன. பெட்டியைப் பிரித்த அன்றே பிள்ளைகள் மூன்று வரிசையாக நின்றார்கள். கடைசியில் நின்ற குட்டைப் பெண் ஷீபாவை அமராவதி முன்னால் கூப்பிட்டார்.

"கை நடுங்குது மேடம்."

"நடுங்கட்டும். முழங்கைய மேசையில ஊனிக்க. மூச்ச விட்டுட்டு மெதுவா அமுக்கு."

நீலத்துளி கலையாமல் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தது. ஷீபா நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. துளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த தொட்டிக்குக் கரைசல் ஊற்றிக்கொண்டிருந்த நாகராசு, பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே தாழ்ந்த குரலில் கேட்டார். "அன்னிக்கி ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க?"

அமராவதி குனிந்து தொட்டியைப் பார்த்தார்.

"இங்கிட்டு ஜெல் முழுகல பாருங்க அண்ணே. இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."