திரை உறைந்த நாளில் என் தங்கை

என் தங்கை ஜெயித்தவற்றை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு விட்டுப்போகும். வலது கைக்காரர்களுக்குச் செய்த கத்தரிக்கோலை இடது கையில் பிடித்து நேராக வெட்டப் பழகினாள். எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆறு வருஷம் கழித்துப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிக் கணக்கில் எழுபத்தொன்று வாங்கினாள். பொத்தான் தைக்கும் மேஜையிலிருந்து கணினி நாற்காலிக்குப் போனாள். நடுவில் இருப்பது பதினான்கு அடிதான், நானே நாடா வைத்து அளந்திருக்கிறேன். அதைக் கடக்க அவளுக்கு ஏழு வருஷம் ஆயிற்று. கடைசியாக, ஒரு புதன்கிழமை மத்தியானம், அசையாமல் நின்றுபோன கணினியை எழுப்பினாள்.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது சீருடை தைக்கும் பட்டறையில். நான் காலர் தைப்பவள். அவளைப் பட்டறையில் எல்லோரும் ‘பொத்தான்’ என்றுதான் கூப்பிடுவார்கள். துணியை வெட்டுவதற்கு முன் அதன் மேல் விரிக்கும் தாளுக்குப் பேட்டர்ன் என்று பெயர். அதைக் கணினியில் வரைந்து, பெரிய தாளில் அச்செடுப்போம். வரைபவர் வேறு வேலைக்குப் போய்விட, முதலாளியம்மா தங்கையை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். மூன்று மாதம் பார்க்கலாம், சரிப்படாவிட்டால் திரும்பவும் பொத்தான் மேஜை என்பது பேச்சு. அந்தப் புதன்கிழமைதான் மூன்று மாதத்தின் கடைசி நாள்.

எங்கள் பட்டறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு: வெட்டத் தயாரான தாள்களை வைக்கும் பெட்டிக்குள் பாதி வரைந்த பேட்டர்ன் போகக் கூடாது. முன்பு ஒருமுறை, தையலுக்கு விட வேண்டிய அரை அங்குலத்தைச் சேர்க்காத தாள் ஒன்று பெட்டிக்குள் போய்விட்டது. அதை வைத்து இருநூறு கால்சட்டை வெட்டினோம். ஒன்றுகூட யார் இடுப்பிலும் ஏறவில்லை. தங்கை அந்தக் கட்டுப்பாட்டைக் கணினிக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டாள். முழுக்க வரைந்து முடிக்கும்வரை சேமிக்கவே மாட்டாள்.

அன்று செவிலியர் கோட்டு, நான்கு அளவு. காலை எட்டேகாலுக்குத் தொடங்கினாள். மூன்று மணிக்கு வெட்ட வேண்டும். இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு, கடைசி அளவின் கைப்பகுதியில் இருந்தபோது திரை உறைந்துவிட்டது. மௌஸ் அம்பு கோட்டின் அக்குளிலேயே நின்றுவிட்டது.

“சேமிச்சியா?” என்று கேட்டேன்.

“பாதியில எப்படிக்கா சேமிப்பேன்?”

கட்டிங் மாஸ்டர் கத்தியை வைத்துவிட்டு வந்தார். “இதுக்கா முழிக்கிற? ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. எங்க வீட்டு டிவிக்கு நான் அதான் செய்வேன்.”

நான் அவசரத்தில் சுவிட்சில் விரலையே வைத்துவிட்டேன்.

“அக்கா, கைய எடு! ஆஃப் பண்ணா எட்டேகால்லேருந்து வரைஞ்சது அத்தனையும் போயிடும்.”

எடுத்துவிட்டேன். அவள் விசைப்பலகையில் கேப்ஸ் லாக்கைத் தட்டினாள். சின்ன விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினாள், அணைந்தது. “உசுரு இருக்கு. முகம்தான் மரத்துப்போச்சு” என்றாள்.

கணினி மெக்கானிக் இரண்டு முறை வந்து இதே மாதிரி சரிசெய்தபோது, பொத்தான் தைத்துக்கொண்டே அவர் விரல்களைப் பார்த்து, பிறகு இந்தக் கணினி மேஜைக்கு அடியில் தையல் சாக்பீஸால் எழுதிவைத்திருந்தாளாம். இப்போது குனிந்து அதைப் படித்தாள். கண்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று, மூன்றையும் சேர்த்து அழுத்தினாள். படங்கள் எல்லாம் மறைந்து திரை கன்னங்கரேலென்று ஆனது.

“போச்சு! இருந்ததும் போச்சு!” என்றார் மாஸ்டர்.

“போகல மாஸ்டர். இது பின்வாசல். முன்பக்கம் எல்லாம் அப்படியே இருக்கும்.”

கறுப்புத் திரை பெயர் கேட்டது, அடித்தாள். கடவுச்சொல் கேட்டது. அடிக்க அடிக்க ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

“ஒண்ணுமே விழலையே பொத்தான்!”

“நீங்க பாத்துடக் கூடாதுன்னுதான் விழல.”

உள்ளே போனதும் ஒரு சொல் அடித்தாள். ஓடிக்கொண்டிருப்பவை எல்லாம் வரிசையாக வந்தன. எது கணினியின் நினைவகத்தை எவ்வளவு தின்கிறது என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. வரையும் செயலி சாதுவாகக் கீழே கிடந்தது. மேலே ஒன்று மட்டும் அத்தனையையும் விழுங்கிக்கொண்டிருந்தது. அது இணையம் பார்க்கும் பிரவுசர்.

தங்கை திரும்பி மாஸ்டரைப் பார்த்தாள். “காலையில இதுல பாட்டு போட்டீங்களே, மூடினீங்களா?”

“சத்தத்தக் குறைச்சேனே.”

“அக்கா, பிரவுசர நிறுத்தணும், அது பக்கத்துல இருக்குற நம்பர எழுது. தப்பா வரையுற செயலியோட நம்பர அடிச்சிட்டா எல்லாம் முடிஞ்சுது.”

3416. சாக்பீஸால் துணித்துண்டில் எழுதி, திரையோடு மூன்று தரம் சரிபார்த்து, ஒவ்வோர் எண்ணாகச் சொன்னேன். அவள் ‘கில்’ என்று அடித்து எண்ணைச் சேர்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. நயமாகச் சொன்னால் கேட்காததற்கு நடுவில் மைனஸ் ஒன்பது சேர்க்க வேண்டுமாம். சேர்த்தாள். வரிசையிலிருந்து பிரவுசர் காணாமல் போனது.

திரும்பி வர எஃப் ஒன்றை அழுத்தினாள். படம் வந்தது, ஆனால் கோட்டு இல்லை. காலையில் கணினியைத் திறக்கும்போது பெயர் கேட்கும் பக்கம் மட்டும் நின்றது. அவள் முகம் வெளுத்தது. அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா உள்ளே வந்தார்.

“மணி ரெண்டு நாப்பது. பேட்டர்ன் எங்கே?”

தங்கை மறுபடி மேஜைக்கு அடியில் குனிந்தாள். சாக்பீஸ் எழுத்து அந்த இடத்தில் அழிந்திருந்தது. என் முழங்கால் பட்டுத்தான் அழிந்திருக்க வேண்டும். நிமிர்ந்தவள், “ஒண்ணு இல்லன்னா ரெண்டு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எஃப் இரண்டை அழுத்தினாள்.

கோட்டு வந்தது. நான்கு அளவும், அக்குளில் நின்ற அம்பும். மௌஸைத் தொட்டாள், அம்பு நகர்ந்தது. மாஸ்டர் கை தட்டினார், அவர் பாட்டுதான் காரணம் என்பதே நினைவில்லாதவர் மாதிரி.

அவள் முதல் வேலையாகச் சேமித்தாள்.

“பாதி வரைஞ்சத உள்ள வெச்சியா?” என்றார் முதலாளியம்மா.

“தனி ஃபோல்டர்மா.” காட்டினாள். அதற்கு ‘வெட்டாதே’ என்று பெயர் வைத்திருந்தாள்.

முதலாளியம்மா சிரித்தது அபூர்வம், அதனால் குறித்துவைக்கிறேன். மூன்று மணி ஆறு நிமிஷத்துக்குத் தாள் அச்சாகி வெட்டும் மேஜைக்கு வந்தது. ஓரத்தில் வரைந்தவர் கையெழுத்து இருந்தால்தான் மாஸ்டர் துணியைத் தொடுவார். மூன்று மாதமாக அந்த இடத்தில் முதலாளியம்மாவே போட்டுவந்தார். அன்றும் பேனாவைத் திறந்தார். திறந்து, தங்கையிடம் நீட்டினார்.

“நீயே போடு. ‘பொத்தான்’னு போடாத, உன் பேர எழுது.”

இடது கையால் எழுதினாள். கீழே தேதியைப் போட மறந்துவிட்டாள், நான்தான் சொன்னேன். போட்டாள்: 21 ஆகஸ்ட் 2019.