பெயர் மட்டும் நகர்ந்தது

சிதம்பரத்தில் இன்ஜினியரிங் முதலாண்டு படிக்கும்போது எங்கள் விடுதியில் ரத்த வகை பார்க்கும் முகாம் நடந்தது. அந்த விவரத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியவன் என் வகுப்புத் தோழன். அப்போதுதான் நாங்கள் சி புரோகிராம் கற்றுக்கொண்டிருந்தோம். பெயர்களை ஒரு வரிசையாகவும் ரத்த வகைகளை இன்னொரு வரிசையாகவும் போட்டான். தேட வசதியாக இருக்கட்டும் என்று பெயர்களை அகரவரிசையில் அடுக்கி, பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினான். அவனவன் வகையை அவனவன் அன்றே மறந்தாயிற்று. அதுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே!

கடலூர் ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பிரசவம். குழந்தை பிறந்துவிட்டது, ரத்தப்போக்கு நிற்கவில்லை. அக்கா வீட்டுக்காரர் காலையில் விடுதிக்குப் போன் செய்தார். ஓ நெகட்டிவ் எங்குமே கிடைக்கவில்லையாம், கையோடு ஆளைக் கூட்டிவரச் சொன்னார். போர்டில் அந்த வகைக்கு நேராக ஒரே ஒரு பெயர் இருந்தது. கேட்டவுடன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான், தங்கமான பையன். கடலூர் பஸ் ஊர்ந்த வேகத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, அவன் பி பாசிட்டிவ் என்றார்கள். இன்னொரு தடவை பாருங்கள் என்று சண்டை போட்டேன். பார்த்தார்கள். அதேதான். மாமா செம்மண்டலத்தில் தெரிந்த வீடெல்லாம் ஏறி இறங்கிவிட்டு வெறுங்கையோடு வந்தார். சாயங்காலம் அக்கா போய்விட்டாள்.

காரியம் முடிந்து நான் கல்லூரிக்குத் திரும்பிய வாரம் வகுப்பில் ஸ்ட்ரக்சர் பாடம் ஆரம்பித்தது. ஒருவருடைய பெயர், வயது, ரத்த வகை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டாக வைத்தால், வரிசை மாற்றும்போது அத்தனையும் ஒன்றாக நகரும் என்றார் மேடம். தனித்தனி வரிசையாக வைத்து ஒன்றை மட்டும் அடுக்கினால், ஒருவன் பெயருக்கு நேராக இன்னொருவன் விவரம் வந்து நிற்குமாம். இந்த எழவைப் போன மாதமே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? பெயரை மட்டும் நகர்த்தியவன் முன் பெஞ்சில் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் இரக்கமே வரவில்லை.

அன்றைக்கே திருத்தி எழுதி, புதிதாக ஒட்டினான். ஓ நெகட்டிவ், என் எதிர் அறைக்காரன். போன் வந்த காலையில் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களைப் பஸ் ஏற்றிவிட்டவன் அவன்தான்.

போர்டைப் பார்த்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தான். கட்டிலில் உட்கார்ந்தான்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தனே மச்சான்," என்றான். "நானும் ஏறியிருப்பனே."