பாலத்தைத் தகர்த்த கமாண்டர் மலோரி

எங்கள் ஊர் வில்மோரானில் கமாண்டர் என்றால் ஒருவர்தான்: எவரிஸ்த் மலோரி. கால்வாய் மதகைத் திறந்து மூடுகிறவரின் மகன். பதினெட்டு வயதில் சிப்பாயாகச் சேர்ந்தார். முதல் உலகப் போரில் வெர்தனில் விஷப்புகையைச் சுவாசித்தும் பிழைத்துக் கேப்டனானார். பிறகு மொராக்கோ மலைகளில் பதினோரு வருடம். மனைவி இறந்ததும் ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து முட்டைக்கோஸ் பயிரிட்டுக்கொண்டிருந்தார். 1939இல் மறுபடி போர் வந்தபோது ஐம்பத்துமூன்று வயதில் அவரைக் கூப்பிட்டு ஒரு பட்டாலியனைக் கையில் கொடுத்தார்கள். அதில் பாதிப் பேர் எங்கள் வட்டாரத்து ஆட்கள். தபால்காரனான நான், க்ளோவி பர்பு, அவருடைய தொலைபேசிக்காரன்.

அடுத்த வருடம் மே மாதம் வடக்கே ஓர் ஆற்றங்கரையில், பாலத்தைத் தகர்க்கத் தாமதித்ததால் ஜெர்மன் டாங்கிகள் கடந்து வந்துவிட்டன. ஒரே காலையில் இருநூறு பேர் போனார்கள். அதன்பின் கமாண்டர் சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. ஜூனில் பின்வாங்கிப் பின்வாங்கி இன்னோர் ஆற்றுக்கு வந்தோம். அங்கிருந்த பாலத்துக்கடியில் வெடிமருந்து வைத்தாயிற்று. நாலாவது கம்பெனி மட்டும் எதிர்க்கரையில், கொஞ்சம் தள்ளி இருந்தது.

காலை ஒன்பது மணிக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. நாலாவது கம்பெனி சார்ஜென்ட் ஃபிர்மேன். என் பக்கத்து வீட்டுக்காரன்.

"க்ளோவி, காயம்பட்டவங்கள லாரில ஏத்திக்கிட்டு வர்றோம். இருபது நிமிஷம். பாலத்த வச்சிருக்கச் சொல்லுப்பா."

வார்த்தை மாறாமல் கமாண்டரிடம் சொன்னேன். தலையாட்டினார். கால் மணி நேரத்தில் எதிர்க்கரை மரங்களுக்குப் பின்னால் தூசி எழும்பியது. இன்ஜின் சத்தம். அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"டாங்கி" என்றார்.

"லாரியா இருக்கும், கமாண்டர் ஐயா. இப்பதானே சொன்னாங்க."

அவர் காதில் நான் சொன்னது ஏறவில்லை. கையை உயர்த்தி இறக்கினார். பாலம் போனது. புகை அடங்கியபோது எதிர்க்கரையில் எங்கள் லாரிகள் வரிசையாக நின்றன. ஜெர்மன்காரன் வந்தது அதற்கு நாலு மணி நேரம் கழித்து.

விசாரிக்க வந்த அதிகாரி என்னிடம் கேட்டார்: "எதிர்க்கரையிலிருந்து ஏதாவது செய்தி வந்ததா?" கமாண்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்படிச் சொல் என்று அவர் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானாகத்தான் சொன்னேன்: "இல்லை. காலையிலேயே லைன் அறுந்துவிட்டது." உரிய நேரத்தில் பாலத்தைத் தகர்த்து எதிரியைத் தடுத்ததற்காக அவருக்கு ஒரு பதக்கம் வந்தது.

ஃபிர்மேன் அன்றே இறந்தான். அவன் மனைவி லியோந்தீனுக்குக் கமாண்டர் கடிதம் எழுதினார்: பாலத்தைக் காத்து நின்று வீழ்ந்தான் என்று. அவள் அதைச் சட்டம் போட்டு மாட்டினாள். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அவருக்கு முயல்கறியை அரைத்துப் பதப்படுத்தி ஒரு ஜாடி கொடுத்தனுப்புவாள், என் கையில்தான். அவர் மூடியைக்கூடத் திறக்க மாட்டார். "நீ எடுத்துட்டுப் போ" என்பார். நான் எடுத்துப்போய்த் தின்றேன். ஒன்பது வருடம் தின்றேன்.

லியோந்தீனின் தம்பி ஓபேனும் நாலாவது கம்பெனிதான். ஐந்து வருடம் ஜெர்மன் முகாமில் கிடந்து, கால் விரல்கள் மூன்றைப் பனிக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி, அக்காவோடு இருந்தான். அதிகம் பேச மாட்டான். லாரி ஓட்டுவதை விட்டிருந்தான்.

1950 வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் லியோந்தீன் கமாண்டரையும் என்னையும் சாப்பிட அழைத்தாள். மேசையில் ஒரு தாள் இருந்தது. ஃபிர்மேனுக்கு வீரப் பதக்கம் கேட்டு மந்திரி அலுவலகத்துக்கு மனு. கமாண்டர் கையெழுத்துப் போட வேண்டும், நான் சாட்சி.

கமாண்டர் பேனாவை எடுத்தார். திரும்ப வைத்தார்.

"போட முடியாதும்மா."

"ஏன், மை இல்லையா?" என்று சிரித்தாள்.

"உங்க வீட்டுக்காரர் பாலத்தக் காக்கல. அதக் கடக்க வந்துக்கிட்டிருந்தார். நான் அவர் கண் முன்னாலயே தகர்த்தேன். வர்றோம்னு செய்தி வந்திருந்துச்சு. சத்தத்தக் கேட்டுப் பயந்துட்டேன். கடுதாசில எழுதினது பொய்."

லியோந்தீன் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் குரல் எழும்பியது ஓபேனிடமிருந்து.

"முதல் லாரிய ஓட்டினது நான்." "வழியில ரெண்டு பேரு அடிபட்டுக் கெடந்தாங்க. நிறுத்தி ஏத்தினேன். நான் நிறுத்தினதாலதான் நேரமாச்சு, அதனாலதான் பாலம் போச்சுன்னு நெனச்சேன். மாமா நீந்திப் போய்ப் படகு கொண்டாறேன்னு எறங்கினார். என் கண்ணு முன்னாடியே ஆறு இழுத்துட்டுப் போச்சு. பத்து வருஷம், கமாண்டரே! எங்க அக்கா மூஞ்சிய நிமிந்து பாக்காம பத்து வருஷம்!"

"நீ நேரத்துக்குத்தான் வந்த" என்றார் கமாண்டர். "சொன்ன நேரம்கூட ஆகல."

ஓபேன் என் பக்கம் திரும்பினான். "போன்ல நீதானே இருந்த? இருபது நிமிஷம்னு சொன்னது கேட்டுச்சா இல்லையா?"

அதுதான் நான் உண்மையைச் சொல்ல வேண்டிய தருணம். என் வாயிலிருந்து வந்தது இது: "லைன் சரியா கேக்கல, ஓபேன். ஒரே இரைச்சல்."

கமாண்டர் என்னைப் பார்த்தார். 'இவன்தான் வந்து சொன்னான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தொலைந்திருப்பேன். "அத விடுப்பா, எனக்குச் செய்தி வந்துச்சு. தப்பு என்னோடது மட்டும்" என்று முடித்துவிட்டார்.

லியோந்தீன் எழுந்து கதவைத் திறந்தாள். "சொல்லிட்டீங்க, உங்க பாரம் எறங்கிருச்சு. என் வீட்டுச் செவுத்துல மாட்டியிருக்கறத நான் என்ன பண்ணட்டும்? போங்க. சாப்பாடு உங்களுக்கில்ல."

மறுநாளே அவர் பதக்கத்தைத் திருப்பி அனுப்பினார். கடைத்தெருக் காபிக் கடையில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னார், என்னைச் சேர்க்காமல். அதன்பின் யாரும் அவருக்குத் தொப்பி தூக்கி வணக்கம் சொல்லவில்லை. ரொட்டிக் கடையில் அவர் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அவரோ தினமும் அதே நேரத்துக்குப் போனார், வரிசையில் நின்றார். ஆறு வருடம் அப்படி வாழ்ந்து, நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் ஏழு பேர். ஓபேன் வந்தான், கல்லறை வாசலுக்கு வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான்.

அடுத்த வாரம் தபாலோடு லியோந்தீன் வீட்டுக்குப் போனபோது எனக்குத் தாங்கவில்லை. வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். தொலைபேசி, விசாரணை, அன்று அவள் சமையலறையில் சொன்ன பொய், தின்ற ஜாடிகள்.

அவள் கை நீட்டித் தபாலை வாங்கிக்கொண்டாள்.

"தெரியும், க்ளோவி. அன்னிக்கே உன் மூஞ்சி சொல்லிருச்சு. நீயா எப்ப வருவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன். அந்த மனுஷன் உயிரோட இருக்கறப்பவே வந்திருக்கலாம்."

கதவைச் சாத்தினாள். இன்னும் பதினோரு வீட்டுத் தபால் என் பையில் இருந்தது.