மூன்றாவது பூச்சு

சுவரைக் கண்டால் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டாமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. அதனால் கட்டட வேலைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் டொக்டொக். தரைக்குக் கீழே கட்டும் அறைகளில் ஈரம் இறங்காமல் இருக்க, சுவரின் வெளிப்பக்கம் தார் பூசுவது அவர் தொழில். இருபத்தாறு வருடமாக அதுதான் சோறு போடுகிறது. அந்தத் தொழிலுக்குச் சந்தேகம் ரொம்ப அவசியம். தண்ணீர் ஒரு மூலையில் நுழைந்து வேறு மூலையில் தலைகாட்டும். ஈரம் தெரிகிற இடத்தையே நம்பிக்கொண்டிருந்தால் ஏமாற வேண்டியதுதான். வம்பு என்னவென்றால், சாயங்காலம் கைகால் கழுவும்போது மனிதர் அந்தச் சந்தேகத்தைக் கழுவிவிட்டு வருவதில்லை. மளிகைக்கடைக்காரர், தையல்காரர், பெண் கொடுத்த மாமனார் எல்லோரும் அவர் கணக்கில் ஏதோ ஒன்றை மறைக்கிறவர்கள்.

"மழை பெஞ்சாக்கூட, இந்த மேகம் எதுக்கு இங்க வந்துச்சுன்னு விசாரிப்பாரு" என்பாள் மனைவி.

தம்பியை மட்டும் அவர் சந்தேகப்பட்டதே இல்லை. இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போவார்கள், சேர்ந்தே வருவார்கள். சந்தேகப்பட நேரம் கிடைத்ததில்லை. ஏணியில் கால் பிசகிக் கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியபோதுதான் அந்த நேரம் கிடைத்தது.

அப்போது ஓர் அச்சகக்காரர் காகிதக் கட்டுகளை அடுக்கி வைக்கத் தரைக்குக் கீழே ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தார். மூன்று பூச்சு பூச வேண்டும், ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது. கடைசியில் சுவரைச் சுற்றித் தோண்டிய பள்ளத்தை மண் தள்ளி மூடிவிடுவார்கள். ஐந்து நாள் வேலை. தம்பி முதன்முறையாகத் தனியே போனான். நாலாம் நாள் மத்தியானமே வாசலில் வந்து நின்றான்.

"முடிஞ்சிருச்சுண்ணே. மண்ணும் தள்ளி மூடியாச்சு."

"மூடிட்டியா? நான் பாக்கவே இல்லையேடா!"

"மண்ணு தள்ற வண்டி இன்னைக்கு விட்டா அடுத்த வாரம்தானாம். மழை வேற வர்ற மாதிரி இருக்கு. காத்து நல்லா அடிச்சுதுல்ல, சீக்கிரம் காஞ்சிருச்சு."

பதில் சரியாகத்தான் இருந்தது. அவ்வளவு சரியாக இருந்ததே டொக்டொக்கை உறுத்தியது. தம்பி தண்ணீர் டம்ளரை வாங்கும்போது கையைப் பார்த்தார். நகம் வெள்ளை வெளேரென்று இருந்தது. தார் பூசியவனுக்கு மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் ஒரு வாரத்துக்கு நகக்கண்ணில் கறுப்பு போகாது. மூன்று பூச்சு பூசியவனுக்கு இந்த மாப்பிள்ளைக் கை எங்கிருந்து வந்தது?

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தம்பிக்கு மூன்று மாதத்தில் ஒரு பெண் குழந்தை. வீட்டுக்கு ஓடுவதிலேயே குறியாக இருப்பான். ஒரே பூச்சோடு நிறுத்திவிட்டு மண்ணைத் தள்ளியிருப்பான். மண்ணுக்குள் போனதை யார் பார்க்கப் போகிறார்கள்? சுவர் ஒழுகினால் போவது யார் பெயர்?

"அவனையே கேட்டுப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"கேட்டா உண்மையச் சொல்லிருவானாக்கும்?"

"உங்க கூடப் பொறந்தவன்ங்க அவன்."

"அதான் பயமா இருக்கு."

மூன்றாம் நாள், தம்பி குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிருக்கும் நேரம் பார்த்து, மண்வெட்டியும் கத்தியுமாக நொண்டி நொண்டிப் போனார். தண்ணீர்க் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் இடத்தில்தான் வேலையை ஏமாற்றுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று நாம் கேட்க வேண்டாம். இடுப்பளவு பள்ளம் தோண்டி, குழாய்க்குப் பக்கத்தில் பூச்சை உள்ளங்கை அகலத்துக்கு அறுத்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

அறுத்த ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று வரி தெளிவாகத் தெரிந்தது. போதாததற்குக் குழாயைச் சுற்றி, விரிசல் விடாமல் இருக்க வலைத்துணி வேறு வைத்துப் பூசியிருந்தான். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றால் ஒழிய டொக்டொக் அங்கே வலைத்துணி வைத்ததே இல்லை. பள்ளத்துக்குள் நின்றபடியே அவருக்குக் காது மடல் சுட்டது.

அறுத்த இடத்தை அடைக்கத் தார் வேண்டும். கள்ளனைப் பிடிக்க வந்தவர் தார் டின்னைத் தூக்கிக்கொண்டா வருவார்? பிளாஸ்டிக் தாளை வைத்து மண்ணை இழுத்து மூடினார். நாளைக்கு வந்து சரிசெய்துவிடலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டார். வீடு போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மறுநாளும் விடவில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் அச்சகக்காரர் தம்பியைக் கூப்பிட்டனுப்பினார். டொக்டொக்கும் கூடவே போனார். அறையின் உள்சுவரில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம்.

"மூணு கோட்டு போட்டேன்னு சொன்னீங்களே தம்பி? என் காகிதமெல்லாம் என்ன ஆகிறது? இனிமே உங்களை நம்பி யாரு வேலை குடுப்பாங்க?"

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. "சத்தியமா மூணு போட்டேன் சார். இங்க எப்படி வந்துச்சுன்னே புரியல. அண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே."

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், தப்பித்துவிடலாம். டொக்டொக் அதையும் யோசித்தார் என்பதை மறைப்பானேன். தம்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் சட்டைப் பையிலிருந்து அந்தக் கறுப்புத் துண்டை எடுத்து நீட்டினார்.

"மூணு இருக்கு சார். அவன் மேல தப்பில்ல. நான்தான் தோண்டி அறுத்துப் பாத்தேன்."

தம்பி துண்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். "எதுக்குண்ணே?"

"உன் நகத்துல கறுப்பே இல்லையேடா..."

"கையுறை போட்டுக்கிட்டேன். வீட்டுக்குப் போனா பாப்பாவத் தூக்கணும்ல."

அவ்வளவுதான் பேச்சு. தம்பியே பள்ளத்தைத் தோண்டி, சுவரைக் காயவிட்டு, இரண்டு நாளில் ஓட்டையை அடைத்தான். குரலை உயர்த்தவில்லை, அண்ணியிடம் போய் முறையிடவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் டொக்டொக் பிழைத்திருப்பார்.

கணுக்கால் வீக்கம் வடிந்து இருவரும் மறுபடி சேர்ந்தேதான் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் ஒரு பூச்சு முடிந்ததும் தம்பி தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, வந்து பாருங்க" என்று கூப்பிடுகிறான். "வேணாம்டா, நீ பூசினா சரியா இருக்கும்" என்றால் கேட்பதில்லை. அவர் வந்து பார்க்கிற வரைக்கும் அடுத்த டின்னைத் திறப்பதில்லை. மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. டொக்டொக் இறங்கி வந்து சுவருக்கு முன்னால் நிற்பார். என்னத்தைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியாது.

"நல்லா இருக்குடா" என்பார்.

"பக்கத்துல வந்து நல்லாப் பாத்துக்கங்கண்ணே" என்பான் தம்பி. "அப்புறம் மண்ணத் தள்ளிருவாங்க."