சீசன் மாத்திரை

குத்தாலத்துல சாரல் விழுந்தா, தென்காசியில எங்க வீட்டுல தலையணை பத்தாது. மதுரையிலருந்து மச்சினன் குடும்பம், திருவேங்கடத்துலருந்து சகலை குடும்பம்னு எல்லாரும் அருவியில குளிக்க வந்துருவாவ. வெயில் ஊர்க்காரங்க. ஐந்தருவியில கொஞ்ச நேரம் நின்னாப் போதும், மறுநாள் ஒருத்தருக்குத் தொண்டை கட்டும், ஒருத்தருக்கு வயிறு போகும். அதுக்கு நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். குளிக்கப் போறதுக்கு முன்னாலயே ஆளுக்கு ஒரு ஆன்டிபயாட்டிக் மாத்திரை. கோயில்ல துன்னூறு குடுக்க மாதிரி வாசல்ல நின்னு குடுப்பேன். வாயத் திறக்காத பிள்ளைகளுக்கு வாழைப்பழத்துக்குள்ள வச்சு.

மெடிக்கல் கடைத் தம்பி டாக்டர் சீட்டெல்லாம் கேக்க மாட்டான். "அண்ணாச்சி, சீசன் மாத்திரைதான?"ன்னு எடுத்து வச்சிருவான். சயின்ஸ்ல ஃபெயிலான எனக்கு, சொந்தக்காரங்க மத்தியில டாக்டர் அத்தான்னு பேரு. வேண்டாம்னு சொல்ல எனக்கு என்ன கிறுக்கா?

என் வீட்டுக்காரிக்கு சீசன்னு தனியா கிடையாது. விருந்தாளுக்குச் சமைக்கவ படுத்துறக் கூடாதுல்லா. இருமுனா ஒண்ணு, தும்முனா ஒண்ணு. மூத்திரம் எரியுதுன்னா, எரிச்சல் நிக்க வரைக்கும். நின்னுட்டுன்னா மிச்ச மாத்திரை பழைய காப்பித்தூள் டப்பாவுக்குப் போயிரும்.

இந்த வருசம் வீடு நிறைய ஆள் இருக்கும்போது அவளுக்குக் குளிர்காய்ச்சல். இடுப்புல வலி, ஒடம்பெல்லாம் நடுக்கம். ஆஸ்பத்திரியில சேத்தோம். யூரின் இன்ஃபெக்‌ஷன், கிட்னி வரைக்கும் ஏறிட்டுன்னு டாக்டரம்மா சொன்னாவ. டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசுதான். "இதுக்கு முன்னாடி ஆன்டிபயாட்டிக் ஏதாவது எடுத்திருக்காங்களா சார்?"ன்னு கேட்டாவ.

"காப்பியத் தவிர அவளுக்கு வேற மருந்தே கிடையாது டாக்டர்"ன்னேன்.

நர்ஸ் சிரிச்சிட்டா. டாக்டரம்மாவும் லேசா சிரிச்சிட்டு, இல்லைன்னு எழுதிக்கிட்டாவ. போர்வைக்குள்ள இருந்து என் வீட்டுக்காரி என்னையப் பாத்தா. பல்லு கிட்டிக்கிட்டு இருந்ததுல பேச முடியல. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

ஊசி ஏறுது, காய்ச்சல் இறங்கல. மூத்திரத்துல என்ன கிருமின்னு வளத்துப் பாக்க அனுப்பியிருக்கு, முடிவு வர நாளாகும்னாவ. மறுநாள் அவ உளற ஆரம்பிச்சிட்டா. "அரிசி நனையப் போடணும், தம்பி பசி பொறுக்க மாட்டான்"னு.

அந்தத் தம்பி, அதான் என் மச்சினன், வராண்டாவுல தலை காயாம நிக்கான். அருவியிலருந்து நேரா வந்திருக்கான். "என்ன அத்தான், ஊசி கேக்க மாட்டேங்குதா? வீட்டு டப்பாவுல நம்ம மாத்திரை இருக்குல்லா, அதக் குடுத்துப் பாப்பமா?"ன்னு கேக்கான். கேலி இல்ல, நெசமாவே நம்பிக் கேக்கான்.

டாக்டரம்மா ரூமுக்குப் போனேன். போற வழியில ஒரு தமாசத் தயார் பண்ணிக்கிட்டுத்தான் போனேன். புத்தி அப்படி. அங்கன போய் நின்னா அது வாயில வரல. "நேத்துப் பொய் சொல்லிட்டேன் டாக்டர். நெறைய மாத்திரை போட்டிருக்கா. நாந்தான் குடுத்தேன்."

அவுக ஏசல. ஏசியிருந்தா கொஞ்சம் நல்லா இருந்திருக்கும். எதெதுன்னு தெரியணும், கொண்டு வாங்கன்னாவ. டப்பாவக் கொண்டு போய் மேசையில கொட்டுனேன். எல்லாம் பாதிப் பாதி அட்டை. அதுல ஒண்ணத் தள்ளி வச்சு, "இந்த வகை மருந்தத்தான் இப்ப ஏத்திக்கிட்டு இருக்கோம்"னாவ. "தும்மலுக்கு இது எதுக்கு சார்? சும்மா சும்மா குடுத்தா சாகுற கிருமி செத்துரும், சாகாததுதான் உள்ள பெருகும். முதல்லயே சொல்லியிருந்தா வேற மருந்துல ஆரம்பிச்சிருப்பேன்."

அப்பவே மருந்த மாத்துனாவ. பெறவு வந்த ரிசல்ட்டும் அதத்தான் சொல்லிச்சு. பழைய மருந்து எதுக்கும் அந்தக் கிருமி அசையாதாம். நான் நர்ஸைச் சிரிக்க வச்ச நேரத்துலருந்து அவ நடுங்குன நடுக்கம் அத்தனையும் வெட்டிக்குத்தான்.

காய்ச்சல் விட்டதும் அவ மெதுவாக் கேட்டா. "டாக்டர்ட்ட சொன்னியளா?"

"சொல்லிட்டேன்."

"சிரிச்சாவளா?"

"இல்ல."

"நல்லது"ன்னு கண்ண மூடுனா. பெறவு மூடுன கண்ணோடயே, "வெளிய தம்பி நிக்கான். அவன்ட்டயும் சொல்லிருங்க. பிள்ளைகளுக்கும் அதத்தான குடுத்திய"ன்னா.

போனேன். பாதி சொல்லும்போதே அவன் சிரிக்க ஆரம்பிச்சிட்டான். நான் வாயத் திறந்தாலே சிரிக்கணும்னு பழக்கி வச்சிருக்கேன், அவன என்ன சொல்ல? சிரிச்சு முடியட்டும்னு நின்னேன். பெறவு முதல்லருந்து சொன்னேன்.