சூரியன் கோயிலும் குழி ஆட்டுக்கறியும்

பிரமிடு பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. சூரியன் கோயிலுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன்.

மெக்சிகோவில் ஒரு பருவம் படிக்க வந்த படிப்பு முடிந்து, வியாழக்கிழமை நான் ஊர் திரும்ப வேண்டும். இது கடைசி ஞாயிற்றுக்கிழமை. என் அறைத்தோழி அந்த நாட்டுக்காரி. பழங்கால இடிபாடுகளைக் காட்டுகிறேன் என்று பஸ்ஸில் அழைத்துப் போனாள். எனக்கு இடிபாடு இரண்டாம்பட்சம்தான். அதன் வாசலில் ஞாயிறு காலையில் குழி ஆட்டுக்கறி விற்பார்கள் என்று அவள் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. முதல் நாளே மண்ணில் குழி வெட்டி, நெருப்பு மூட்டி, கறியை ஆனைக்கற்றாழை மடலில் பொதிந்து உள்ளே இறக்கி மூடிவிடுவார்களாம். விடுதிச் சாப்பாட்டில் கோழி வந்தது, பன்றி வந்தது, மாடு வந்தது, ஆடு மட்டும் வரவில்லை. வடுகபட்டியில் ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி தின்று வளர்ந்த உடம்பு இது. இன்றைக்கு விட்டால் அந்தக் கறி எனக்கு இல்லை.

பஸ் கிளம்பியதும் அம்மா வீடியோவில் வந்தாள். எங்களுக்குக் காலை, அவளுக்கு அதே ஞாயிற்றுக்கிழமையின் சாயங்காலம்.

"சூரிய பகவான் கோயிலா? தலைக்குக் குளிச்சியா?"

"இங்கன குளிருதும்மா."

"நவக்கிரகத்துல முதல் ஆளு அவரு. அதுவும் ஞாயித்துக்கிழமை, அவருக்குன்னே உள்ள நாளு. கவிச்சி எதையும் தொட்டுறாத ஆத்தா."

"அம்மா, அது நம்ம சூரியன் இல்லம்மா."

"வேற சூரியன் எங்கன இருக்கு?"

எரிச்சலில், "நீங்க மட்டும் மத்தியானம் கறிக்குழம்பு வச்சு மூக்கு முட்டத் தின்னுருப்பீக" என்றேன்.

"அதை விடு. வியாழக்கிழமை ஏரோப்ளேன் ஏறணும்ல? ஏடாகூடமா எதையும் பண்ணி வைக்காத."

ஏரோப்ளேனைக் காட்டி என் வாயைக் கட்டிவிட்டாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அம்மாவிடம் எனக்குப் பொய் சொல்ல வராது, சொன்னாலும் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள்.

வாசலில் கறிக்கடை இருந்தது. கடைக்காரம்மா மடலைப் பிரித்ததும் வந்த வாசனையில் எனக்குக் கண்ணே கலங்கியது. தோழி மக்காச்சோள ரொட்டியில் கறியை அள்ளி வைத்து, பச்சைச் சட்னி ஊற்றி, எலுமிச்சை பிழிந்து என் எதிரிலேயே தின்றாள். சரி, அவித்த பயறாவது சாப்பிடலாம் என்று பார்த்தால் அதைப் பன்றிக் கொழுப்பில் தாளித்திருந்தார்கள். கடைசியில் எனக்கு வாய்த்தது சப்பாத்திக்கள்ளி. ஆமாம், நம் ஊரில் ஆடுகூட வாய் வைக்காத அதே கள்ளிதான். முள்ளைச் சீவிச் சுட்டுக் கொடுத்தார்கள். ஆட்டைத் தின்ன வந்தவள் ஆடு தின்னாததைத் தின்றேன்.

உள்ளே போனால் ஒரு மர நிழல் இல்லை. நீளமான கல் சாலை, இரண்டு பக்கமும் படிக்கட்டு மேடைகள், தூரத்தில் மலை போல அந்தப் பிரமிடு. கிட்டே போனால் ஏறக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். வழியெல்லாம் ஆட்கள் களிமண் விசிலை ஊதி ஊதிச் சிறுத்தை மாதிரி உறுமவைத்து விற்றார்கள். பசி வயிற்றுக்காரியின் காதுப் பக்கத்திலா வந்து உறும வேண்டும்? அந்தப் பழங்கால நகரம் உண்மையிலேயே பிரமாதமானதுதான். பசியில் எனக்கு அதன் மேல் கோபம்தான் வந்தது.

இந்தக் கட்டடங்களின் அடியில் பலி கொடுத்த மனிதர்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள் என்று தோழி சொன்னபோதுதான் அம்மா மறுபடி கூப்பிட்டாள். படுக்கப் போகுமுன் கோயிலைப் பார்க்க வேண்டுமாம்.

"நல்லாப் பாத்துக்க. மனுசனையே பலி கேட்ட சாமிம்மா இது. இதுக்குப் போயி என்னைய விரதம் இருக்க வச்சுட்ட" என்று கத்தினேன்.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "பலி வாங்குற சாமியா? நம்ம கருப்பு மாதிரியா?"

"ஆமா."

"கூறுகெட்டவளே, அதை முதல்லயே சொல்றதுக்கு என்ன? அந்த மாதிரிக் கோயிலுக்குப் போயிட்டுக் கறி திங்காம வரலாமா? சாமி கோவிச்சுக்கிராதா? போ, போய்ச் சாப்புடு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். உடைக்காமல் ஓடினேன். அந்த நீளச் சாலை முழுக்க வெயிலில் ஓடி வாசலுக்கு வந்தால், கடைக்காரம்மா காலிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தீந்துபோச்சு. இப்ப உனக்குத் திருப்தியா?" என்றேன் போனில்.

பின்னாலேயே மூச்சு வாங்க ஓடிவந்த தோழி, பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். காலையில் நான் கறிச் சட்டியைப் பார்த்த பார்வையைப் பார்த்து, எனக்கென்று இரண்டு ரொட்டி கட்டி வைத்திருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டேன்.

"போனை வச்சிராத. நீ திங்கிறதை நான் பாக்கணும்" என்றாள் அம்மா.

ஆறிப்போயிருந்தும் கறி பஞ்சாக இருந்தது.

"எலும்பு போட்டுருக்காகளா? மிளகு போட்டாகளா? நெஞ்செலும்பா, தொடையா?" கேள்வி மேல் கேள்வி. திரைக்குள் முகத்தையே நுழைத்துவிடுவாள் போல இருந்தது.

"நிம்மதியாத் திங்க விடும்மா. ஆட்டுக்கறியவே பாக்காதவ மாதிரி கேக்குற!"

"எங்க பாத்தேன்? நீ நல்லபடியாத் திரும்பி வரணும்னு, நீ ஏரோப்ளேன் ஏறுன அன்னைக்கே கருப்புக்கு நேந்துக்கிட்டேன். கெடா வெட்டுற வரைக்கும் வாயில வைக்கிறதில்லைன்னு."

"அப்பாவுமா?"

"அவுக பெரியகுளம் போனா என்ன திங்கிறாகன்னு நான் பின்னாடியே போயா பாக்குறேன்? நீ பேச்சை மாத்தாம சாப்புடு."

யார் உன்னை இப்படி இருக்கச் சொன்னது என்று திட்ட வாயைத் திறந்தேன். வாய் நிறையக் கறி. அதை மென்று நான் விழுங்கியபோது, திரையில் அம்மாவும் எச்சிலை விழுங்கினாள்.