காருக்குப் பின்னால்

கழுத்தை எப்படித் திருப்பினாலும் பின்னால் எதுவும் தெரியாத ஸ்போர்ட்ஸ் காரை, அழகுக்காகவே வாங்கிய முட்டாள் நான். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் வழியில், மல்லாட்டை காயப்போட்டிருந்த சர்வீஸ் ரோட்டோரம் அதை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து ரிவர்ஸ் எடுத்தேன். டயருக்கடியில் கடலைக் காய்கள் நொறுங்க, ‘ஓசியிலேயே எண்ணெய் ஆட்டுகிறேன்’ என்று சிரித்துக்கொண்டேன்.

“யோவ், நிறுத்து! புள்ள கீதுய்யா!”

காய்களைக் கிளறிக்கொண்டிருந்த பெண் அலறியபடி ஓடிவந்தாள். இறங்கிப் பார்த்தேன். பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, சாக்கின்மேல் அவளுடைய கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதை வாரி அணைத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் ரிவர்ஸ் எடுக்குமுன் இறங்கிப் பார்க்கிறேன். வெறும் தரையிலும் அந்தச் சாக்குதான் தெரிகிறது.

அன்றோ, வெட்கமே இல்லாமல் அவளைத்தான் கேட்டேன்: “காருக்குப் பின்னாடி ஏம்மா படுக்க வச்சே?”

“வேற நிழல் எங்கய்யா கீது?”